பாவாத்தாளின் வயிற்றுக்கு வாய்தா

பாவாத்தாளுக்குப் பிரசவ வலி கண்ட காலையில்தான் காராம்பாளையத்து வக்கீல் சென்னியப்பன் முதன்முதலாக எம்.எல்.ஏ. தேர்தலுக்கு மனுப்போடக் கிளம்பினார். ஊரில் ஓடத் தெரிந்த வண்டி அத்தனையும், பால் வேனும் தண்ணி டிராக்டரும் உட்பட, கொடி கட்டிக்கொண்டு அவர் பின்னால் போய்விட்டன. தாலுகா ஊர்தான், கோர்ட் உண்டு, சப்ஜெயில் உண்டு, பிரசவ ஆஸ்பத்திரி மட்டும் கிடையாது. ஆகவே பாவாத்தாள் தறிக்குடோன் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, அவள் புருஷன் அங்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, தேர்முட்டி முக்கில் ஊர்வலத்தைப் பிடித்து, திறந்த ஜீப்பில் மூக்குவரை மாலையோடு நின்றிருந்த வக்கீலைப் பார்த்துக் கும்பிட்டான்.

"ஏனுங்க வக்கீலய்யா, எம்பட பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சுங்க. ஒரே ஒரு வண்டிய மட்டும் திருப்பி உடுங்க."

ஒரு வண்டியைத் திருப்பினால் ஊர்வலம் ஒரு வண்டி நீளம் குறைந்துபோகும். வக்கீல் அதைத்தான் யோசித்தார், அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. வருஷக்கணக்காகக் கோர்ட்டில் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே தங்கிவிட்ட வார்த்தை தானாக வெளியே வந்தது. "இன்னைக்கே என்ன அவசரம்? வாய்தா வாங்கிக்கலாம் உடு."

அந்த நிமிஷமே பாவாத்தாளின் வலி நின்றது. குறையவில்லை, நின்றது, கரண்ட் போனதும் தறி நிற்குமே, அப்படி.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் ஊர் நினைத்தது, ஏனென்றால் சென்னியப்பன் கறுப்புக் கோட்டு மாட்டிய நாளிலிருந்து வாங்கியதெல்லாம் வாய்தாதான். வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பதை மற்ற வக்கீல்கள் வேறு வழியில்லாதபோது செய்வார்கள், இவர் அதை மட்டுமே செய்தார். சட்டப் புத்தகத்தை அவர் திறந்து பார்த்தவர் கிடையாது, சாட்சியைக் குறுக்கு விசாரணை கேட்டவர் கிடையாது, ஜெயித்தார் என்று ஒருத்தரும் சொன்னதில்லை, தோற்றார் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் கையில் எடுத்த வழக்கு எதுவும் முடிந்ததே இல்லை. வரப்புத் தகராறு என்று வந்தவர்களின் வரப்பு மழையில் கரைந்து, காடு சைட்டாகி, சைட்டில் வீடு எழும்பி, அடித்துக்கொண்ட ரெண்டு குடும்பமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சம்பந்தியான பிறகும் வழக்கு மட்டும் வாய்தாவில் இருந்தது. காரணம் சொல்வதில் அவருக்குச் சோர்வே கிடையாது: வயிற்றுக்கடுப்பு, சாட்சிக்கு அம்மை, சீனியர் ஊரில் இல்லை, எதுவும் எடுபடாத நாளில் தாயார் காலமாகிவிட்டார். அந்தத் தாயார் வீட்டில் மாட்டுக்குத் தீனி காட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். மகன் மத்தியானமே வீடு திரும்பினால் ஏறிட்டுப் பார்த்து, "இன்னைக்கு நாந்தான் செத்தனாக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சோறு போடுவாள்.

இப்படிப்பட்ட ஆளைக் கட்சி விட்டுவைக்குமா? வந்து கேட்கிறவன் மனம் கோணாமல், இல்லை என்றும் சொல்லாமல், கொடுக்கவும் கொடுக்காமல் திருப்பி அனுப்பத் தெரிந்தவனுக்கு அரசியலில் வேறு என்ன படிப்பு வேண்டும். கோர்ட்டில் கட்சிக்காரன் என்றால் வழக்குக் கொடுத்தவன், வெளியே கட்சிக்காரன் என்றால் கொடி பிடிக்கிறவன். அந்த வார்த்தையை மாற்றிக்கொள்கிற சிரமம்கூட அவருக்கு இல்லாமல் போயிற்று.

சாயங்காலம் மருத்துவச்சி வந்து பாவாத்தாளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். "கொழந்தை தலை திரும்பி வாசப்படியில வந்து நிக்குது. வக்கீல் வாய்தா வாங்கிப்போட்டாருன்னா அதுதான் என்ன பண்ணும், பாவம்" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனாள். டீக்கடையில் அன்றைக்குப் பேச்செல்லாம் எந்தத் தேதிக்கு வாய்தா என்பதைப் பற்றித்தான் இருந்தது. ஜட்ஜையாவிடம் வாங்கிக்கொண்டிருந்தவர் இப்போது கடவுளிடமே வாங்கிவிட்டார் என்று வாய்க்கு வாய் பரவி, எதிர்த்து நின்றவருக்கு அவர் வீட்டு ஓட்டே முழுசாக விழவில்லை. சென்னியப்பன் எம்.எல்.ஏ. ஆனார்.

ஆனால் வாய்தா என்றால் அதற்கு ஒரு தேதி உண்டு, தேதி வந்தால் கோர்ட்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஆடி கழிந்து அந்தத் தேதி வந்த காலையில், முன்சீப் கோர்ட் மணி அடித்ததும், பாவாத்தாளுக்கு விட்ட இடத்திலிருந்து வலி தொடங்கியது. அங்கப்பன் அவளை சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனான். வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு அவள் முனகிக்கொண்டிருக்க, மார்புக்குக் குறுக்கே பட்டை போட்ட டவாலி அர்த்தநாரி வாசலில் வந்து நின்று, கோர்ட் வழக்கப்படி மூன்று தடவை, "பாவாத்தாள்... பாவாத்தாள்... பாவாத்தாள்..." என்று இழுத்துக் கூப்பிட்டார். எம்.எல்.ஏ. அனுப்பிய ஜூனியர் வக்கீல் வாயில் பாதி வடையோடு ஓடி வந்து, "வாய்தா வேணுங்க" என்றான். வலி நின்றது. அதற்கு அடுத்த தேதியிலும் அப்படியே, அதற்கு அடுத்ததிலும் அப்படியே. மற்றப் பெண்கள் ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை படுகிற பாட்டை அவள் தேதிக்குத் தேதி பட்டாள், பட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். அந்த நடை எப்பேர்ப்பட்ட கொடுமை என்று கேட்க அந்த ஊரில் ஒரு நாதி இல்லை.

கேட்கவில்லையே தவிர, பழகிக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்கிற கட்டுச்சோற்றைப் பிறந்த வீட்டிலிருந்து வருஷா வருஷம் கொண்டுவந்தார்கள். புளிச்சோறும் தயிர்ச்சோறும் எள்ளுச்சோறுமாகக் கூடை கூடையாக வந்தது, ஊர் உட்கார்ந்து சாப்பிட்டது. சில வருஷம் கழித்து அவள் அம்மா, "சாமி, எனக்குக் கை ஓஞ்சு போச்சு, பொறந்ததுக்கப்பறம் மொத்தமாச் செஞ்சிடறேன்" என்று நிறுத்திக்கொண்டாள். சத்துணவு டீச்சர் வந்து குழந்தைக்கு வயது ஐந்தாகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், போகப் போக, "இதுக்கு இப்பத்தைக்கு என்ன, இருக்கும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அதோடு, தங்கள் தங்கள் வேலைக்கும் வாய்தா கேட்டு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். தக்காளிக்காரர் விலை ஏறும்வரை பழுக்காமலிருக்க வாய்தா வாங்கினார். கல்யாண மண்டபத்துக்காரர் மழைக்கு வாங்கினார், மறுபடி மழையைக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எண்ணெய் மில்லுக்காரர் தன் அப்பாவின் கடைசி மூச்சுக்கு, பாகப்பிரிவினை முடியட்டும் என்று வாங்கினார். அந்தப் பெரியவர் அண்ணாந்து படுத்தபடி, இழுத்த மூச்சை விடவும் முடியாமல் கிடந்தார், ஈ மொய்க்காமல் இருக்க ஒரு கொசுவலை மட்டும் கட்டிவிட்டார்கள். டவாலி அர்த்தநாரிக்குப் பணி ஓய்வு வர இருந்தது. இவ்வளவு நல்ல தொண்டை வேறு யாருக்கு இருக்கிறது என்று அவரைக் கேட்காமலே அவருடைய ஓய்வுக்கும் வாங்கிவிட்டார்கள், மனுஷன் வீங்கின காலோடு வராந்தாவில் நின்றார். ஆக, காராம்பாளையத்தில் எதுவும் நடக்கவில்லை, நடக்கவில்லை என்று சொல்லவும் யாருமில்லை. நாளைக்கு நடக்கும் என்று படுத்துத் தூங்குகிற சுகம் அந்த ஊருக்குப் பிடித்துப்போயிற்று.

பிரசவ ஆஸ்பத்திரிக்கு மட்டும் அடிக்கல் நாட்டினார்கள். ஏன் கட்டவில்லை என்று ஒரு தடவை யாரோ கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிக்கு அவசரமென்ன, நம்ம பாவாத்தாளே இன்னும் பெறலியே" என்றார் எம்.எல்.ஏ. பாவாத்தாள் எப்போது பெறுவாள் என்றதற்கு, "ஆஸ்பத்திரி கட்டட்டும்" என்றார். கேட்டவன் திருப்தியாகப் போனான். அடிக்கல்லில் ஆடு கட்டினார்கள்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் அவளைப் புதுச்சேலை கட்டி மேடையில் ஏற்றினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "இந்தத் தாய் நம்மை நம்பிப் பொறுத்திருக்கிறாள். நீங்கள் ஒரு அஞ்சு வருஷம் பொறுக்க மாட்டீர்களா?" என்பார், கீழே கைதட்டல் பறக்கும். பேசும்போது அவர் கண் அவள் வயிற்று மட்டத்தில்தான் இருக்கும், ஒருநாளும் அதற்கு மேலே ஏறியதில்லை. ஒரு தடவை மேடைப் படியில் அவள் அவரை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போதுமுங்கய்யா. நான் பெத்துக்கறனுங்க."

"எலெக்‌ஷன் முடியட்டும் அம்மிணி."

"எனக்கு அது மூஞ்சியப் பாக்கோணுமுங்க."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றபடி அவர் அடுத்த மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தார்.

வீட்டிலும் அதே பதில்தான். அந்த வயிற்றின் புண்ணியத்தில் அங்கப்பனுக்கு ரேஷன் கடையில் வேலை கிடைத்திருந்தது, வார்டு செயலாளர் பதவியும் கிடைத்திருந்தது. "பெத்துப்போட்டீன்னா நாம யாரு? ஊர்ல எல்லாப் பொம்பளையுந்தான் பெக்கறா. இப்ப ரோட்டுல போனா நம்மளுக்குக் கும்பிடு போடறாங்க" என்றான். பாவாத்தாள் அன்றிலிருந்து அவனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவளோடு ஒரே முகூர்த்தத்தில் கல்யாணமானவர்களின் பிள்ளைகளுக்கு மீசை முளைத்துவிட்டது. அவளுடையது இன்னும் வாசப்படியில் நின்று உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தது. தட்டும்போதெல்லாம் அந்த இடத்தில் கையை வைத்து, "தெரியுது கண்ணு, தெரியுது" என்று மட்டும் சொல்வாள். அவளுக்குக் கோபம் வெகு நாளாக இருந்தது. அதை யாரிடம் காட்டுவது என்பதுதான் தெரியாமலிருந்தது.

இதற்கிடையே சென்னியப்பன் மந்திரியானார். மந்திரியானதும் கட்சித் தலைமையில் அவர் பெயரைத் திருத்தினார்கள், சென்னியப்பன் என்பது மலையடிவாரத்தில் தேங்காய் விற்கிறவன் பெயர் மாதிரி இருக்கிறதாம். நெடுஞ்சென்னி என்றாக்கினார்கள். அந்தப் பெயரும் பேனரில் இருக்கும், வாயில் வராது. மைக்கில் மாண்புமிகு, நேரில் அண்ணன், முதுகுக்குப் பின்னால்கூட அண்ணன்தான். தலைவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பாவத்தை நம் ஊரில் எவன் செய்வான்? பழைய ஞாபகத்தில் மேடையில் "சென்னியப்பன் அவர்களே" என்று தொடங்கிய ஒரு கிளைச் செயலாளரை அப்புறம் எந்த மேடையிலும் காணவில்லை. பெற்ற தாய் மட்டும் "டேய் சென்னி" என்பாள், அதனால் அவளைக் கோயமுத்தூரில் தனி வீடு பார்த்து வைத்தார். அங்கே அவளுக்குக் கடைசி மூச்சு வாங்கியபோது, சட்டசபை முடியட்டும், நல்ல நாளாகப் பார்த்துப் பெரிய ஊர்வலமாக எடுக்கலாம் என்று அதற்கும் ஒரு வாய்தா வாங்கிப் போட்டார். இப்படியாக இந்த உலகத்தில் அவரைச் சென்னியப்பா என்று கூப்பிட ஒரு வாயும் மிச்சமில்லாமல் போயிற்று.

கடைசியில் காராம்பாளையத்துக்குப் புதுக் கோர்ட் கட்டடம் எழுந்தது. திறப்பு விழாவுக்குப் பாவாத்தாளின் வாய்தாத் தேதியாகவே பார்த்து வைத்தார்கள், அவளும் அங்கேயே இருப்பாள், மேடையில் ஏற்றச் சௌகரியம் என்று. பழைய கோர்ட்டில் காலை வழக்குகள் வழக்கம்போல நடக்க, எதிர்த்தாற்போல் மைதானத்தில் பந்தலும் மேடையும் போட்டிருந்தார்கள். மந்திரியான பிறகு கோர்ட்டுக்கு அவ்வளவு கிட்டத்தில் அவர் அன்றைக்குத்தான் வருகிறார். அதனாலேயே ஒரு காரியம் விட்டுப்போயிற்று. வழக்கமாக வாய்தா கேட்க வருகிற ஜூனியரை மேடையில் மாலைகளை எடுத்துக் கொடுக்க நிறுத்திவிட்டார்கள்.

மணி அடித்தது, வலி வந்தது. பாவாத்தாள் தூணைப் பிடித்தாள். இத்தனை வருஷமாக அந்த வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து, கேட்க வேண்டாததெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. போன தடவை ஒரு வக்கீல் வக்காலத்து இல்லாமல் யாருக்கோ வாய்தா கேட்க, "கட்சிக்காரர் கையெழுத்துப் போடாமல் நீர் யாருக்காகய்யா கேட்கிறீர், உமக்காகவா?" என்று முன்சீப் விரட்டியதும் விழுந்திருந்தது. அன்றிலிருந்து அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமியதும், எட்டி அவர் பட்டையைப் பிடித்தாள்.

"எம்பேரைக் கூப்பிடாதீங்கண்ணா."

"பொறவு யாரைக் கூப்பிடறது அம்மிணி?"

"வாய்தா நான் கேக்கலீங்க. வக்காலத்துல நான் கைநாட்டு வெச்சதில்லீங்க. கேட்டது வக்கீல் சென்னியப்பன். கேட்டவரைத்தானுங்களே கூப்பிடோணும்?"

அர்த்தநாரி மேடையைப் பார்த்தார். "மொட்டையாப் பேரைச் சொல்லியா? என்னைக் கொன்னுபோடுவாங்க."

"நீங்க மந்திரியவா கூப்பிடறீங்க? வக்கீலைக் கூப்பிடுங்க. அவரு எங்கிருக்காரோ, நம்மளுக்கென்ன தெரியும்?" அடுத்த வலி வந்து அவளை மடக்கிப்போட்டது. அது கொஞ்சம் தணிந்ததும், "உங்க காலைப் பாருங்கண்ணா. ஊட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டாமுங்களா?" என்றாள்.

அர்த்தநாரி குனிந்து தன் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, பந்தலில் பாட்டு மாறுகிற இடைவெளியில், அந்தத் தாலுகாவே அறிந்த தொண்டையைத் திறந்து, "வக்கீல் சென்னியப்பன்..." என்றார்.

மேடையில் மந்திரி தலையைத் திருப்பினார். எங்கோ கேட்ட பாட்டு மாதிரி இருந்தது அவருக்கு. பக்கத்தில் நின்ற உதவியாளனிடம், "யாருய்யா அது?" என்று கேட்டார். அவன் சின்னப் பையன், சென்னையிலிருந்து வந்தவன். "யாரோ கட்சிக்காரர்ண்ணே" என்றான்.

"நம்ம கட்சியா, கேஸ் கட்சியா?"

"தெரியலண்ணே. கேட்டுச் சொல்றேன்."

"வக்கீல் சென்னியப்பன்..."

இப்போது பந்தலே அடங்கிவிட்டது. பழைய ஆட்களுக்கெல்லாம் தெரியும். ஜூனியருக்கும் தெரியும். ஆனால் அண்ணனிடம் போய், அது நீங்கதானுங்க என்று சொல்வது எப்படி? சொன்னால் அண்ணனுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததாக ஆகிவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், எல்லோரும் மற்றவர் சொல்லட்டும் என்று இருந்தார்கள், காராம்பாளையத்தார் அதில் கைதேர்ந்தவர்கள். மேடை ஓரத்தில் நின்ற அங்கப்பன் மட்டும் சொல்வதற்கு வாயைத் திறந்தான். திறந்தவன் வராந்தாவில் தூணைக் கட்டிக்கொண்டிருந்த தன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். கல்யாணத்தன்று பார்த்த பிறகு அந்த முகத்தை அவன் அப்படிப் பார்த்ததே கிடையாது. வாயை மூடிக்கொண்டான்.

"வக்கீல் சென்னியப்பன்..."

மந்திரி சலித்துக்கொண்டார். "அந்த ஆளு வந்துதான் தொலையட்டுமே, எங்கய்யா போனான்?" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் அது ஊர் முழுக்கக் கேட்டது.

மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் மனு தள்ளுபடி, அவர் வாங்கிய வாய்தா அத்தனையும் அதோடு போகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பாவாத்தாளின் வலி நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அது நின்ற இடத்தைத் தாண்டிப் போயிற்று. அவள் கத்தினாள், கோர்ட்டைப் பெருக்குகிற பெண்கள் ஓடிவந்து சேலையைப் பிடித்து மறைத்தார்கள். அதே நேரத்தில் எண்ணெய் மில்லுக்காரரின் அப்பா இழுத்த மூச்சை விட்டார், அந்தப் பெருமூச்சில் கொசுவலை ஆடியது. தோட்டத்தில் தக்காளி அத்தனையும் ஒரே நொடியில் பழுத்து, அழுகி, உதிர்ந்தது. தள்ளிவைத்த மழையெல்லாம் பந்தல் மேல் வந்து விழுந்தது. ஜனங்கள் அவரவர் வீட்டில் என்னென்ன தேதி வந்துவிட்டதோ என்று பதறிக்கொண்டு ஓட, மைதானத்தில் நாற்காலிகளும் கொடிகளும் மட்டும் நனைந்துகொண்டிருந்தன.

உதவியாளன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மந்திரியிடம் குனிந்தான். "அண்ணே, கோயமுத்தூர்லேருந்து போன். அம்மா தவறிட்டாங்களாம்."

மந்திரி தலையைத் துடைத்துக்கொண்டே, "எந்தக் கேஸுக்குய்யா?" என்றார்.

வராந்தாவில் குழந்தையைத் துடைத்துப் பாவாத்தாளின் கையில் கொடுத்தார்கள். பெண். தலைமுடி தோள்வரை வளர்ந்திருந்தது, அழுவதற்கு முன்னால் கண்ணைத் திறந்து அவளை நன்றாக ஒரு பார்வை பார்த்தது. அந்த மூஞ்சியை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷமாகவும் இருந்தது, போன வருஷங்களை நினைக்க வயிறு எரியவும் செய்தது, ரெண்டையும் மறைக்காமல் வாய்விட்டு அழுதாள். குழந்தையும் அழுதது, கோர்ட் சுவரெல்லாம் எதிரொலிக்கிற மாதிரி.

"என்னய்யா அங்கே சத்தம்? கூப்பிட்ட ஆள் வந்தாச்சா?" என்று உள்ளேயிருந்து முன்சீப் கேட்டார்.

அர்த்தநாரி மார்புப் பட்டையைக் கழற்றி, மடித்து, ஜன்னல் மேல் வைத்தார்.

"ஒரு ஆளு வந்துருக்குதுங்கய்யா" என்றார். "சென்னியப்பன்னுதான் யாரும் இல்லீங்க."